தாழ்ந்தவனா, தாழ்த்தப்பட்டவனா? – அட்ஜெக்டிவ் பாடம் பற்றிச் சில வார்த்தைகள்

ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை நம் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் கிராமரில் 'அட்ஜெக்டிவ்' என்றொரு பாடம் உண்டு. தமிழில் பெயரடை. பெயர்ச்சொல்லோடு சேர்ந்து அதன் தன்மையைச் சொல்லும் சொல். வாத்தியார் போர்டில் வரையறையை எழுதிப்போடுவார். பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொள்ளும். அடுத்தது எதிர்ச்சொல் பட்டியல்: குட் – பேட், ரிச் – புவர், கிளீன் – டர்ட்டி, ஃபேர் – டார்க். அதற்கடுத்து கோடிட்ட இடம். 'ராமு இஸ் எ டேஷ் பாய்.' அஞ்சு மார்க்கு. முடிந்தது பாடம்.

இதில் தலித் அரசியலுக்கு என்ன வேலை என்று தோழர்கள் கேட்கலாம். நிலம், கூலி, வன்கொடுமை வழக்கு, இடஒதுக்கீடு என்று தலைக்குமேல் வேலை கிடக்கிறபோது பெயரடை ஒரு கேடா என்று எரிச்சலும் படலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒருத்தன் மேல் ஒரு சொல்லை ஒட்டுவது, பிறகு அதுதான் அவனுடைய இயல்பே என்று ஊரையும் அவனையும் நம்பவைப்பது: சாதி இத்தனை காலமாகச் செய்துவருகிற வேலை இதுதானே? அந்த ஒட்டுகிற வேலையைச் செய்யும் சொல்லுக்கு இலக்கணம் வைத்த பேர்தான் பெயரடை. நம் பிள்ளை பத்து பதினோரு வயசில் வகுப்பறையில் உட்கார்ந்து அதைப் படிக்கிறது. அதை யார், எப்படிச் சொல்லித்தருகிறார்கள் என்பது நம் விவகாரம்தான். வாத்தியார் கையிலும் கைடு போட்டு விற்கிறவன் கையிலும் அதை விட்டுவிட்டு நாம் சும்மா இருக்க முடியாது.

இங்கிலீஷ் யார் வீட்டுச் சொத்து?

பூதப்பாண்டியை வைத்தே பேசலாம். தோவாளை வட்டத்தின் தலைமையிடம். பழையாற்றுப் பாசனமும் மலையும் வயலுமான ஊர். ப.ஜீவானந்தம் 1907 ஆகஸ்ட் 21ஆம் தேதி பிறந்தது இங்கேதான். தலித் அல்லாத குடும்பத்தில் பிறந்தும், சின்ன வயசிலேயே தீண்டாமையை எதிர்த்து ஊர்க்காரர்களோடு முட்டிக்கொண்டவர் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அந்த ஜீவாதான் 1930களின் நடுவில், நாத்திகன் ஆனது ஏன் என்று பகத்சிங் எழுதியதை இங்கிலீஷிலிருந்து தமிழுக்குக் கொண்டுவந்தார். அதற்காகக் கைதும் ஆனார். லாகூர்ச் சிறையில் ஒருத்தன் எழுதியதைப் பூதப்பாண்டிக்காரர் ஒருவர் தமிழ்நாட்டுக்குப் படிக்கக் கொடுத்தார் என்றால் நடுவில் இங்கிலீஷ் இருந்தது.

நாஞ்சில் நாட்டுக்குள் அந்த இங்கிலீஷ் எந்த வழியாக வந்தது? இதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை. மயிலாடியில் சாம்பவர் குடும்பத்தில் பிறந்த மகாராசன், கிறித்தவரான பிறகு வேதமாணிக்கம் என்று பேர் வைத்துக்கொண்டவர், தஞ்சாவூர்வரை போய்வந்து, தன் சனத்துக்குப் போதகர் வேணும் என்று கேட்டார். அவர் கேட்டதால்தான் 1806இல் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தார். கோயிலோடு பள்ளிக்கூடமும் வந்தது. பிறகு சார்லஸ் மீட் காலத்தில் மிஷன் நாகர்கோவிலுக்கு மாறியது, செமினரி வளர்ந்தது. இன்றைய ஸ்காட் கிறித்தவக் கல்லூரிக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. ஆக, இந்த மாவட்டத்தில் புதுப் படிப்புக்குக் கதவைத் தட்டிய முதல் கை ஒரு தலித்தின் கை. (மிஷனுக்குள்ளும் சாதி இல்லாமல் இல்லை. அதே மீட் 1850களின் தொடக்கத்தில் சாம்பவர் குடும்பத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டபோது, கூட இருந்த வெள்ளைக்காரப் போதகர்களாலேயே அதைச் செரிக்க முடியவில்லை. அவர் மிஷனை விட்டு வெளியேற நேர்ந்தது.)

1956இல் தமிழ்நாட்டோடு சேர்கிறவரை நாம் திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தோம். அந்தத் திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்ததே 1855இல்தான். அங்கே அய்யன்காளி என்ன செய்தார்? புலையர் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்காவிட்டால் உங்கள் வயலில் இறங்கமாட்டோம் என்று வேலைநிறுத்தம் செய்யவைத்தார். கூலிக்காக மட்டும் நடந்ததில்லை அந்தப் போராட்டம், பள்ளிக்கூடத்துக்காகவும் நடந்தது. 1914இல் பஞ்சமி என்கிற சிறுமியை அவர் ஊரூட்டம்பலம் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனபோது, அந்தப் பள்ளிக்கூடத்தையே கொளுத்திவிட்டார்கள். புலையன் பிள்ளை உட்கார்ந்த பெஞ்சு இருப்பதைவிட, பள்ளிக்கூடமே இல்லாமல் போவது மேல் என்று நினைத்தவர்கள் அவர்கள்.

ஆகவே இங்கிலீஷ் யாரும் நமக்குப் போட்ட பிச்சை கிடையாது. சாவித்திரிபாய் பூலே முதல், 2010இல் உத்தரப் பிரதேசத்து பாங்கா கிராமத்தில் ஆங்கிலத் தாய்க்குக் கோயில் கட்டக் கிளம்பிய தலித்துகள்வரை, இந்த மொழியை ஒரு கருவியாகக் கேட்டவர்கள் நம் ஆட்கள்தான். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2012-13இல் ஆங்கில வழிப் பிரிவுகள் பரவலாக வந்தன. பிரிவு வந்துவிட்டது. கருவி நம் பிள்ளைகள் கைக்கு வந்ததா என்பதுதான் கேள்வி.

பிள்ளை எழுதுவது தப்பா, தமிழா?

'தி ஹவுஸ் பிக்' என்று பிள்ளை எழுதுகிறது. 'இஸ்' எங்கேடா என்று தலையில் குட்டு விழுகிறது. 'ஹி இஸ் டால் தேன் மீ' என்று எழுதுகிறது. 'டாலர்' என்று தெரியாதா, உனக்கெல்லாம் எதுக்கு இங்கிலீஷ் என்று ஒரு பேச்சு. அந்த 'உனக்கெல்லாம்' என்பதில் என்ன இருக்கிறது என்று பிள்ளைக்கும் தெரியும், வாத்தியாருக்கும் தெரியும்.

இந்தத் தப்பு எங்கிருந்து வருகிறது? 'வீடு பெருசு' என்பது தமிழில் முழு வாக்கியம். அங்கே 'இருக்கிறது' தேவையில்லை. 'அவன் என்னைவிட உயரம்' என்கிறோம். 'விட' என்பதே ஒப்பிடும் வேலையைப் பார்த்துவிடுகிறது, 'உயரம்' என்ற சொல் உருவம் மாறுவதில்லை. பிள்ளை தன் மொழியின் விதியை ஒழுங்காகப் பின்பற்றி இன்னொரு மொழிக்குள் நுழைகிறது. அது அறிவின் அடையாளம். 'உன் தமிழில் இது சரி மக்கா, இங்கிலீஷில் நடுவில் ஒரு இஸ் கேட்பான்' என்று சொன்னால் ஒரு நிமிசத்தில் விளங்கிவிடும். 'நீ மக்கு' என்றால் பத்து வருசத்துக்கும் விளங்காது.

சொல்லப்போனால் இந்தப் பாடத்தில் தமிழ்ப் பிள்ளைக்குப் பாதி வேலை ஏற்கனவே முடிந்திருக்கிறது. பெரிய மாடு, பெரிய மாடுகள். நல்ல பையன், நல்ல பொண்ணு. நம் பெயரடை ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒருமைக்கும் பன்மைக்கும் மாறாது. இங்கிலீஷிலும் மாறாது. இந்தியில் அச்சா, அச்சீ, அச்சே என்று மாறும். பெயருக்கு முன்னால் நிற்பதும் இரண்டிலும் ஒன்றுதான். அழகு என்பதோடு 'ஆன' சேர்த்து அழகான என்கிறோம். அவன் பியூட்டி என்பதிலிருந்து பியூட்டிஃபுல் என்கிறான். தமிழ் வகுப்பில் பெயரெச்சம் நடத்துகிறவரும் இங்கிலீஷ் வகுப்பில் அட்ஜெக்டிவ் நடத்துகிறவரும் பக்கத்துப் பக்கத்து அறையில்தான் இருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாமே என்று யாருக்கும் தோன்றுவதில்லை. வீட்டில் பேசுகிற பேச்சைப் பள்ளிக்கூட வாசலில் கழற்றிப்போட்டுவிட்டு வா என்கிறார்கள். முதல் தலைமுறையாகப் படிக்க வருகிற பிள்ளையிடம் இருக்கிற ஒரே முதல் அந்தப் பேச்சுதான்.

அளந்து சொல்வதும் அளக்காமல் ஒட்டுவதும்

இலக்கணக்காரர்களே பெயரடைகளில் ஒரு பிரிவினை சொல்கிறார்கள். உண்மையைச் சொல்பவை ஒரு வகை, அபிப்பிராயத்தைச் சொல்பவை இன்னொரு வகை. நீளமான கயிறு, வட்டமான தட்டு, மர பெஞ்சு: இவற்றை அளக்கலாம், தட்டிப் பார்க்கலாம். நல்ல பையன், கெட்ட பையன், டீசன்டான குடும்பம், அசிங்கமான தெரு: இவற்றை எந்த ஸ்கேல் வைத்து அளப்பது?

நம் தோழர்கள் நடத்துகிற மாலை வகுப்புகளில் முதல் பாடமாக இதை வைக்கலாம். இருபது பெயரடைகளைப் போர்டில் எழுதுங்கள். இரண்டு கட்டம் போட்டுப் பிரிக்கச் சொல்லுங்கள். இரண்டாம் கட்டத்தில் விழுகிற ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் 'யார் சொன்னது?' என்று எழுதச் சொல்லுங்கள். டி.சி.யில் 'கேரக்டர் அண்ட் காண்டக்ட்' என்று ஓர் இடம் இருக்கும், அதில் 'குட்' என்று எழுதுவார்கள். அதுவும் ஒரு பெயரடைதான். ஒரு பிள்ளையின் அத்தனை வருசத்து நடத்தையையும் ஒரு சொல்லில் அடக்குகிற அதிகாரம் ஒரு பேனாவுக்கு இருக்கிறது. அந்தச் சொல் எந்தக் கட்டத்தில் விழும் என்று பிள்ளைகளே சொல்லட்டும்.

பெண் பிள்ளைகளுக்கு இது இரட்டிப்பாய்த் தேவை. ராமு என்றால் பிரேவ், ஸ்ட்ராங். சீதா என்றால் பியூட்டிஃபுல், அடக்கமான. நம் சேரிப் பெண் பிள்ளை இந்த இரண்டு பட்டியலிலும் இல்லை. நடுவயலில் இறங்கி நாற்று நடுகிற அவள் அம்மாவுக்கு ஸ்ட்ராங் என்ற சொல்லை எந்தக் கைடும் கொடுப்பதில்லை.

கிளீன் – டர்ட்டி, ஃபேர் – டார்க்

எதிர்ச்சொல் பட்டியலைக் கொஞ்சம் கிளறுவோம். கிளீன் என்றால் சுத்தமான, டர்ட்டி என்றால் அழுக்கான. நல்லது. ஆனால் கிளீன் என்பது பெயரடை மட்டுமில்லை, வினைச்சொல்லும் அதுதான். 'டு கிளீன்' – சுத்தம் செய். இந்த நாட்டில் யார் சுத்தம் செய்கிறார்களோ அவர்களுக்கு டர்ட்டி என்ற பெயரடை. யார் அழுக்கு செய்கிறார்களோ அவர்களுக்குக் கிளீன் என்ற பெயரடை. மலம் அள்ளவைப்பதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம், அது போதாமல் 2013இல் இன்னொரு சட்டம். அதற்குப் பிறகும் மலக்குழியில் இறங்கிச் சாகிறவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியும். ஒரே சொல் வினையாக ஒருத்தன் கைக்கும் பெயரடையாக இன்னொருத்தன் பேருக்கும் எப்படிப் போகிறது? இதைக் கேட்கத் தெரிந்த ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு 'கிளீன்' ஒரே நேரத்தில் இரண்டு வகைச் சொல்லாக வரும் என்பது ஆயுசுக்கும் மறக்காது. இலக்கணமும் படித்தாயிற்று, ஊரையும் படித்தாயிற்று.

அடுத்தது ஃபேர். டார்க்குக்கு எதிர்ச்சொல் ஃபேர் என்று கொடுத்துவிட்டு, பக்கத்தில் 'வெளுப்பான, அழகான' என்று பொருள் எழுதிவிடுகிறார்கள். 1975இல் வந்த ஒரு முகக் கிரீமுக்குப் பேரே ஃபேர் அண்ட் லவ்லி, இரண்டு பெயரடை. 2020இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் போலீஸ் கையில் செத்து உலகமே கொதித்தபோதுதான் கம்பெனி வெட்கப்பட்டு, ஃபேரை எடுத்துவிட்டு க்ளோ என்று மாற்றியது. ஆனால் ஃபேருக்கு இன்னொரு பொருள் இருக்கிறதே! அது நம் தெருவிலேயே போர்டில் தொங்குகிறது: ரேஷன் கடை, நியாயவிலைக் கடை, 'ஃபேர் பிரைஸ் ஷாப்'. ஃபேர் என்றால் நியாயமான. ஃபேர் வேஜஸ் என்றால் நியாயமான கூலி. ரேஷன் கடைக்கு அரிசி வாங்கப் போகிற பிள்ளைக்கு ஃபேர் என்றால் நியாயம் என்று முதலில் சொல்லிக்கொடுங்கள். தோல் நிறம் அப்புறம் வரட்டும், அல்லது வராமலே போகட்டும்.

அமெரிக்கக் கறுப்பர்கள் இந்த வேலையை நமக்கு முன்னாலேயே செய்தார்கள். 1960களில், தங்களைத் திட்டப் பயன்பட்ட 'பிளாக்' என்கிற பெயரடையைப் பிடுங்கி, கறுப்பே அழகு என்று திருப்பிப்போட்டார்கள். 1966இல் பிளாக் பாந்தர் கட்சி. அதைப் பார்த்து 1972இல் பம்பாயில் தலித் பாந்தர் இயக்கம். 2020இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம், மக்களைக் குறிக்கும்போது பிளாக் என்பதன் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாகப் போடுவதென்று முடிவெடுத்தது. வெறும் நிறத்தைச் சொல்வது சாதாரணப் பெயரடை, அதற்குச் சின்ன எழுத்து. ஒரு மக்களைச் சொல்வது சிறப்புப் பெயரடை, அதற்கு இந்தியன், தமிழ் போலப் பெரிய எழுத்து. ஒரு எழுத்தின் உயரத்துக்கு எத்தனை வருசப் போராட்டம் பாருங்கள்.

உடைந்த பானை, உடைத்த பானை

இனி இந்தப் பாடத்தின் நெஞ்சுப் பகுதிக்கு வருவோம். இங்கிலீஷில் வினைச்சொல்லிலிருந்து பிறக்கிற பெயரடைகள் உண்டு. போர் என்ற வினையிலிருந்து போரிங், போர்டு என்று இரண்டு. பாடம் போரிங், பிள்ளை போர்டு. பிள்ளைகள் 'ஐ ஆம் போரிங்' என்று எழுதிவைத்துவிட்டு ஏன் சிரிக்கிறார்கள் என்று முழிக்கும். ஒரு காரியத்தைச் செய்கிறவன் ஒரு பக்கம், அதை அனுபவிக்கிறவன் இன்னொரு பக்கம் என்று சொன்னால் போதும். அதே வரிசையில் இன்னொரு ஜோடியை வையுங்கள்: ஒப்ரஸ்ஸிங், ஒப்ரஸ்டு. ஒடுக்குகிற, ஒடுக்கப்பட்ட.

'எ ப்ரோக்கன் பாட்' – இதைத் தமிழாக்கச் சொன்னால் 'உடைந்த பானை' என்று பிள்ளை எழுதும். சரிதான். ஆனால் தமிழில் மூன்று வழி இருக்கிறது. உடைந்த பானை: தானாக உடைந்தது. உடைத்த பானை: எவனோ உடைத்தது. உடைக்கப்பட்ட பானை: அதையே எழுத்துத் தமிழில் சொல்வது. இங்கிலீஷில் ப்ரோக்கன் என்ற ஒரே சொல் எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. தமிழில் தன்வினை, பிறவினை, செயப்பாட்டுவினை என்று பிள்ளைகள் படிப்பது சும்மா இல்லை. 'தானா உடைஞ்சுதா, எவனாவது உடைச்சானா?' என்று கேட்க நம் மொழி நம்மைக் கட்டாயப்படுத்துகிறது.

இப்போது பானையை எடுத்துவிட்டு மனிதனை வையுங்கள். தாழ்ந்த சாதி என்றால் அது தானாகவே தாழ்ந்து கிடக்கிறது, எவன் மேலும் பழி இல்லை. தாழ்த்தப்பட்ட சாதி என்றால் எவனோ தாழ்த்தியிருக்கிறான், அவன் யார் என்று கேள்வி உடனே வருகிறது. பின்தங்கியோர் என்றால் ஓடத் தெரியாமல் பின்னால் நின்றவர்கள். பிற்படுத்தப்பட்டோர் என்றால் பின்னால் தள்ளப்பட்டவர்கள். இங்கிலீஷில் அரசாங்கமே 'பேக்வர்டு கிளாஸஸ்' என்று எழுதுகிறது. தமிழ்நாட்டு அரசின் தமிழில் அது 'பிற்படுத்தப்பட்டோர்' ஆகிவிட்டது. சமூகநீதி இயக்கங்கள் ஒரு பெயரெச்சத்துக்குள் ஒரு வரலாற்றையே வைத்துவிட்டுப் போயிருக்கின்றன.

தலித் என்ற சொல்லும் அதே இனம்தான். உடைக்கப்பட்ட, நொறுக்கப்பட்ட என்பதுதான் அதன் பொருள். 1948இல் தீண்டத்தகாதவர்கள் யார் என்று அம்பேத்கர் எழுதிய நூலில் அவர்களை உடைக்கப்பட்ட மனிதர்கள் என்றுதான் அழைத்தார். அது வசவு இல்லை, புலம்பலும் இல்லை. நடந்த குற்றத்தைப் பற்றிய வாக்குமூலம். செயப்பாட்டுவினையைப் படித்த பிள்ளைக்கு அடுத்த சொல் என்னவென்று தெரியும். இங்கிலீஷில் 'பை', தமிழில் 'ஆல்'. யாரால்?

தீண்டத்தகாதவன் என்ற சொல்லையும் இதேபோலப் பிரித்துக் காட்டுங்கள். 'டச்' என்ற வினை, பின்னால் 'ஏபிள்', முன்னால் 'அன்'. தொடமாட்டேன் என்று சொல்கிறவன் ஒருத்தன் இருக்கிறான். ஆனால் சொல்லுக்குள் அவனைக் காணோம். குறை முழுக்க எதிரில் நிற்கிறவன் தலையில் ஏறிவிட்டது. அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழிக்கும்போது அந்தச் சொல்லை மேற்கோள் குறிக்குள் போட்டிருக்கிறது. இது எங்கள் சொல் இல்லை, நீங்கள் ஒட்டிய சொல் என்று அந்தக் குறி சொல்வதாகவே நான் படிக்கிறேன்.

பேருக்காக நடந்த சண்டை

ஜீவாவுக்குக் குலசாமி பேரான சொரிமுத்து என்பதைத்தான் முதலில் வைத்தார்கள். இலக்கணப்படி அது வினைத்தொகை, காலம் மறைந்த ஒரு பெயரெச்சம். பிறகு ஜீவானந்தம் ஆனார். தனித்தமிழ் மேல் பற்று வந்தபோது உயிரின்பன் ஆனார். மறுபடி ஜீவா ஆனார். ஒரு தனியாள் தன் பேரை மாற்றிக்கொள்ள ஒரு முடிவு போதும். ஒரு சமூகத்தின் மேல் ஒட்டப்பட்ட சொல்லை உரிக்கத் தலைமுறைகள் வேணும்.

இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' என்றே பத்திரிகைக்குப் பேர் வைத்தார், வசவையே கொடியாக ஏற்றினார். அயோத்திதாசர் 'சாதிபேதமற்ற திராவிடர்' என்று சொல்லச் சொல்லி வாதாடினார். 'அற்ற' என்ற அந்த எதிர்மறைக்குள் எவ்வளவு திமிர்! எம்.சி.ராஜா சட்டமன்றத்தில் போராடியதன் விளைவாக 1922இல் சென்னை மாகாண அரசு பறையர், பஞ்சமர் என்பதை விட்டு ஆதிதிராவிடர் என்று எழுத ஆணையிட்டது. 1931இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் சேர்ந்து ஒரு துணை மனு கொடுத்தார்கள். அதில் ஒரு கோரிக்கை, 'டிப்ரஸ்டு கிளாஸஸ்' என்ற பேரை மாற்று என்பது. பிராட்டஸ்டன்ட், நான்-கன்ஃபார்மிஸ்ட் என்று மாற்றுப் பெயரடைகளையும் அவர்களே எழுதிக்கொடுத்தார்கள். 1935ஆம் வருசச் சட்டத்தில் வந்ததோ 'ஷெட்யூல்டு', அட்டவணையில் எழுதப்பட்ட. பெயரடைக்காக நம் தலைவர்கள் லண்டன்வரை போய் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். நாம் அதை அஞ்சு மார்க்குக் கேள்வி என்று ஒதுக்குகிறோம்.

இது பழங்கதையும் இல்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் கூடப் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிக்கூடப் பேர்களில் இருக்கிற சாதி அடைகளை எடுத்துவிட வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. 'ஆதிதிராவிடர் நலப்பள்ளி', 'கள்ளர் சீரமைப்புப் பள்ளி' எல்லாம் அதில் வரும். 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்போம். ஆனால் போர்டில் அடையை அழிப்பதோடு அந்தப் பள்ளிக்கூடத்துக்கான நிதியையும் சேர்த்து அழித்துவிட்டால் நாம் ஏமாந்தவர்கள் ஆவோம். காலனி என்ற சொல் போகலாம். காலனிக்குப் போகிற ரோடும் சுடுகாட்டுப் பாதையும் வராமல் சொல் மட்டும் போனால் அது வெறும் சுண்ணாம்புப் பூச்சு.

மாணவத் தோழர்கள் இன்னொரு பயிற்சியும் செய்யலாம். ஒரு மாதத்துத் தினசரிகளை எடுத்து வன்கொடுமைச் செய்திகளில் பெயரடைகளை அடிக்கோடிடுங்கள். வெட்டுப்பட்டவனுக்கு முன்னால் என்ன அடை, வெட்டியவனுக்கு முன்னால் என்ன அடை என்று எண்ணுங்கள். செத்தவன் 'தலித் வாலிபர்'. கொன்றவன் 'மர்ம நபர்'. ஒருத்தனுக்குச் சாதி ஒட்டியிருக்கிறது, இன்னொருத்தனுக்கு மர்மம் ஒட்டியிருக்கிறது. இந்த எண்ணிக்கையை எடுக்க எட்டாம் வகுப்பு இலக்கணம் போதும்.

படிகள்

அட்ஜெக்டிவ் பாடத்தின் கடைசிப் பகுதி 'டிகிரீஸ் ஆஃப் கம்பேரிசன்'. டால், டாலர், டாலஸ்ட். ஒப்பீட்டுப் படிகள். சாதி என்பதே ஒரு படிவரிசை, ஒவ்வொருத்தன் தலையிலும் ஒருத்தன், காலடியில் ஒருத்தன், அதனால்தான் எல்லோரும் சேர்ந்து எதிர்ப்பது கஷ்டமாக இருக்கிறது என்று அம்பேத்கர் திரும்பத் திரும்ப விளக்கினார். ஒப்பிடும் படிக்கு இலக்கணத்தில் ஒரு குணம் உண்டு: பக்கத்தில் இன்னொருத்தனை நிறுத்தாமல் அது நிற்காது. 'ஹையர்' என்றவுடன் 'தேன் ஹூம்' என்ற கேள்வி வரும். உயர்ந்த சாதி என்று ஒன்று தனியாக இருக்கவே முடியாது, கீழே ஒருத்தனை மிதித்து நின்றால்தான் அது உயரம். இதில் நமக்கும் பங்கு இருக்கிறது. பறையர், பள்ளர், அருந்ததியர், புலையர் என்று நமக்குள்ளேயே 'ஹையர்' போட்டுக்கொள்கிறோமே, அதையும் இந்தப் பாடத்தில் வைத்துத்தான் பேச வேண்டும்.

எல்லாப் பெயரடைக்கும் படிகள் கிடையாது என்றும் இலக்கணப் புத்தகங்களில் ஒரு குறிப்பு இருக்கும். டெட் – செத்த. அதைவிட அதிகம் சாக முடியாது. அந்தப் பட்டியலில் 'ஈக்வல்' என்றும் ஒரு சொல் உண்டு. சமம். சமமாக இருக்கலாம், இல்லாமல் இருக்கலாம், கொஞ்சம் சமம், அதைவிடச் சமம் என்று படி போட முடியாது. வாத்தியார் அவசரத்தில் தாண்டிப்போகிற இந்தக் குறிப்பில் ஒரு நாள் முழுக்க நில்லுங்கள்.

அரசியலைக் கலந்தால் பிள்ளை பரீட்சையில் ஃபெயிலாகும் என்று சிலர் சொல்வார்கள். மேலே சொன்னதில் எந்த இடத்திலாவது பாடத்திட்டத்துக்கு வெளியே போயிருக்கிறோமா? அபிப்பிராயம், உண்மை என்ற பிரிவு, பெயரடையும் வினையும், '-இங்' '-எட்' வேறுபாடு, ஒப்பீட்டுப் படி: அத்தனையும் பாடம்தான். நம் பிள்ளைகளுக்குச் சொந்தமான உதாரணம் கிடைக்காததால்தான் பாடம் ஒட்டவில்லை. தமிழ் இருக்க இங்கிலீஷ் எதற்கு என்கிற தமிழ்ப்பற்றாளர்களுக்கு ஒன்று: உங்கள் பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு இந்தக் கேள்வியைக் கேளுங்கள். எங்களுக்கு இரண்டும் வேணும். தமிழில் 'யாரால்' என்று கேட்கவும் வேணும், அதை இங்கிலீஷில் மனுவாக எழுதவும் வேணும்.

தோழர்கள் செய்ய வேண்டியது பெரிய காரியம் ஒன்றுமில்லை. சேரியில் ஒரு திண்ணை, ஒரு கரும்பலகை, வாரம் இரண்டு மாலை. ஆறு வாரத்தில் இந்தப் பாடத்தை முடிக்கலாம். கல்லூரியில் படிக்கிற ஒவ்வொரு மாணவரும் தன் தெருவில் ஐந்து பிள்ளைகளை எடுத்துக்கொள்ளட்டும். கைடில் இருக்கிற எதிர்ச்சொல் பட்டியலையே கையில் கொடுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு கேள்வி: இதை அளக்க முடியுமா? அளக்க முடியாது என்றால் யார் ஒட்டியது? காந்தி 1937இல் வெங்ஙானூருக்கு வந்தபோது, தன் சனத்தில் பத்து பி.ஏ. பார்க்க வேண்டும் என்றார் அய்யன்காளி என்பார்கள். பி.ஏ.க்கள் இப்போது வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். அவர்கள் வாரத்தில் இரண்டு மாலை திண்ணைக்கு வந்தால் போதும்.